நின்ற வண்டி குடித்த பெட்ரோல்

டயரில் காற்றுக் குறைந்தால் மைலேஜ் கிடைக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கிறவரும் அதைத்தான் சொன்னார், எங்கள் ஆபீஸ் கேன்டீனில் டீ ஊற்றுகிறவரும் அதைத்தான் சொன்னார். உண்மைதான். ஆனால் அதனால் குறைவது கொஞ்சம். லிட்டருக்குப் பதினெட்டு ஓட வேண்டிய வண்டி ஒன்பதில் நிற்கிறது என்றால், காற்றில் காரணம் தேடிக்கொண்டிருப்பதில் பிரயோசனம் இல்லை.

தமிழிலேயே எழுதிக்கொடுக்கலாம் என்று நீங்கள் சொன்னது உபகாரம், மேடம். மலையாளம் எனக்குப் பள்ளிக்கூடத்திலும் ஆபீஸிலும் பழகிய மொழி. அதில் எழுத ஆரம்பித்தால் லீவு விண்ணப்பம் மாதிரி ஆகிவிடும். மொழிபெயர்க்கிறவருக்குச் சிரமம் வரக் கூடாது என்பதால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுகிறேன். முதல் தடவை நான் சொன்னதில் சில இடங்கள் சரியில்லை. அவற்றை இதில் திருத்தியிருக்கிறேன்.

என் பெயர் செல்வின். பூர்வீகம் பாறசாலை. இப்போது நேமத்தில் வீடு. குடிநீரைச் சோதிக்கிற லேபில் கெமிஸ்டாக இருக்கிறேன். ஒரு கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனால் ஏன் கெட்டது என்று கண்டுபிடிப்பது என் வேலை. அதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. சந்தேகப்படும் காரணங்களில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் நான் மெக்கானிக் சஜியிடம் சொன்ன பதில் உங்களுக்கு விசித்திரமாகத் தோன்றக் கூடாது என்பதற்காக.

கார் வாங்கியது ஆன்சனுக்காக. ஆன்சன் என் மனைவி ஜெயஷீலாவின் தம்பி. முப்பத்தொரு வயது. பிறந்ததிலிருந்தே அவன் மனது நாலு வயதில் நின்றுவிட்டது, உடம்பு மட்டும் வளர்ந்தது. என்னைவிட ஒரு சாண் உயரம். என் மாமியார் தாசம்மாள் இறந்த பிறகு அவன் எங்களோடு வந்தான். சாகும்முன் அவர்கள் ஷீலாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை, ஆன்சனைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஷீலா இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டாள்.

பஸ் என்றால் ஆன்சனுக்கு உயிர். பள்ளிச்சல், வெள்ளாயணி, நேமம், பாப்பனங்கோடு, கைமனம், கரமனை என்று கிழக்கேகோட்டை வரைக்கும் எல்லா ஸ்டாப்பையும் வரிசை தப்பாமல் சொல்வான். ஆனால் பஸ்ஸுக்குள் ஏற்றினால் கூட்டத்தைக் கண்டு அலறுவான், தலையைக் கம்பியில் இடித்துக்கொள்வான். அதனால் விழிஞ்ஞத்தில் ஒருவரிடம் இந்தப் பழைய காரை வாங்கினோம். வாங்கிய அன்று அவன் தன் சட்டையைக் கழற்றி முன் கண்ணாடியைத் துடைத்தான். அவனுக்கு அந்தச் சந்தோஷம் வந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவன் கெட்டவன் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கோபம் வந்தால் ஷீலாவின் மணிக்கட்டைக் கடிப்பான். ஒருமுறை தள்ளிவிட்டதில் அவள் முன்பல் ஒன்று போயிற்று. பிறகு அவனே அவள் மடியில் படுத்து அழுவான். பகலிலும் உறங்க மாட்டான், இரவிலும் உறங்க மாட்டான். அவன் உறங்காததால் அவளும் உறங்கவில்லை. நெடுமங்காட்டுப் பக்கம் ஒரு இல்லத்தில் சேர்த்துப் பார்த்தோம். ஷீலா பார்க்கப் போனபோது அவன் கணுக்காலில் கயிறு கட்டிய தழும்பு இருந்தது. அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

நான் அவன்மேல் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. அவனுக்கு ஷேவ் பண்ணிவிடுவது நான்தான். கன்னத்தில் நுரை வைத்தால் அசையாமல் இருப்பான்.

மைலேஜுக்கு வருகிறேன். நான் ஆபீஸுக்குப் பஸ்ஸில்தான் போவேன். வண்டி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும், ஆன்சனை டாக்டரிடம் காட்டவும், சந்தைக்கும் மட்டும் ஓடும். அப்படியும் பெட்ரோல் தீர்ந்துகொண்டே இருந்தது. காற்றைச் சரிபார்த்தேன். சக்கரங்களின் அலைன்மென்ட் பார்த்தேன். ஏர் ஃபில்டரை மாற்றினேன், பிறகு ஸ்பார்க் பிளக்கை. பங்க்கில் ஏமாற்றுகிறார்களோ என்று வேறு பங்க்குக்குப் போனேன். என் கால்தான் காரணமோ என்று ஆக்சிலேட்டரை மெல்ல மெல்ல மிதித்து ஓட்டிப் பார்த்தேன். பின்னால் வந்த லாரிக்காரர்கள் கரமனைப் பாலம் வரைக்கும் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தார்கள். எதிலும் மாற்றம் இல்லை.

ஒரு சனிக்கிழமை டேங்க்கை வாய்வரை நிரப்பிக்கொண்டு தனியாகப் பொன்முடிக்குப் போனேன். வளைவு வளைவாக ஏறி, மேலே நிற்காமல் திரும்பி, அதே பங்க்கில் மறுபடி நிரப்பினேன். லிட்டருக்குப் பதின்மூன்று. இது என்னை நிறைய யோசிக்க வைத்தது. மலை ஏறிய வண்டி பதின்மூன்று கொடுக்கிறது. சமதளத்தில் சர்ச்சுக்குப் போய்வருகிற வண்டி ஒன்பது கொடுக்கிறது. அப்படியானால் பெட்ரோல் முழுவதும் ரோட்டில் தீரவில்லை. வீட்டில் தீர்கிறது.

ஒழுகுகிறதா என்று வண்டிக்கு அடியில் அட்டையைப் போட்டுவைத்தேன். அட்டை காய்ந்தே கிடந்தது. டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டேன். அப்படியும் தீர்ந்தது. கடைசியில் அரைநாள் லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் மதியம் வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் கார் ஷெட் மூன்று பக்கம் சுவர், மேலே தகரம். முன்பக்கம் ஒரு நீலத் தார்ப்பாய். பக்கத்து வீட்டு சரசம்மா மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்கிறாள் என்று ஷீலா கட்டியது. அன்று தார்ப்பாய் பாதி சுருட்டியிருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் ஆன்சன் தலையைச் சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தான். ஏசி ஓடியது. அவன் பக்கத்துக் கண்ணாடி நாலு விரல் இறக்கியிருந்தது. ஷெட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் ஷீலா உறங்கிக்கொண்டிருந்தாள்.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் உறங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தமில்லாமல் கேட்டைச் சாத்திவிட்டு, வழக்கமான நேரம் வரை பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் கேட்டேன். "ஷீலா, வண்டிய சும்மா நிறுத்திப்போட்டு ஓட்டுகியா?"

அவள் கையில் இருந்த தோசைக்கரண்டியைக் கீழே வைத்தாள். "தெட்டுதான். ஏசாதீங்கோ. வண்டி ஆடிக்கிட்டு நிண்ணா மட்டும்தான் அவன் உறங்குகான். ஒரு மணிக்கூர். அந்த ஒரு மணிக்கூர் நானும் கண்ணடைப்பேன். பின்ன வேற எனக்கு என்ன வழி இருக்கு, சொல்லுங்க?"

"சாரமில்ல. உறங்கட்டும்" என்றேன்.

அவள் அழுதாள். நான் அவ்வளவு நல்லவன் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. அந்தச் சமயத்தில் நான் உண்மையாகவே நல்லவனாகத்தான் இருந்தேன், மேடம்.

ஆனால் கணக்கு இன்னும் ஒத்துவரவில்லை. பொன்முடிக்குப் போன அன்று வண்டி எங்கேயும் சும்மா நிற்கவில்லை. மலை என்று கழித்தாலும் பதின்மூன்று குறைவுதான். ஆகவே இரண்டாவது காரணம் ஒன்று இருந்தது. பள்ளிச்சலில் சஜியின் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனேன்.

சஜி வண்டியைத் தூக்கி அடியில் நுழைந்து பார்த்தார். வெளியே வந்தபோது மைலேஜைப் பற்றி அவர் முதலில் பேசவில்லை. "சாரே, இதுல ஆராவது ஏசி போட்டு இருக்காறுண்டோ?" என்று கேட்டார்.

நிறுத்திய வண்டிக்குள் யாராவது உட்கார்ந்திருப்பது வழக்கமா என்று கேட்கிறார். ஏன் என்றேன்.

அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். பெட்ரோலையும் காற்றையும் சரியாகக் கலக்கச் செய்கிற சென்சார் செத்துவிட்டது. அதனால் என்ஜின் தேவைக்கு அதிகமாகப் பெட்ரோல் குடிக்கிறது, அது முழுதாக எரிவதும் இல்லை. புகையைச் சுத்தப்படுத்தும் பெட்டியை முன்பு வைத்திருந்தவர் கழற்றி விற்றிருக்கிறார். கடற்கரையில் நின்ற வண்டி என்பதால் அடித்தகடு துருப்பிடித்து முன் சீட்டுக்குக் கீழே ஓட்டை. அந்த ஓட்டைக்கு நேர் கீழே புகைக்குழாய் வெடித்திருக்கிறது.

"மைலேஜ் கிடக்கட்டும் சாரே. புகை முழுசும் உள்ளதான் வரும். கண்ணாடி ஏத்திட்டு இருந்தா பின்ன ஆளு எழும்பாது. சென்சார் எர்ணாகுளத்திலேருந்து வரணும். ஓட்டையும் குழாயும் நான் இப்பவே வெல்டு வச்சுத் தரேன். ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க."

கார்பன் மோனாக்சைடைப் பற்றி ஒரு கெமிஸ்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிறம் இல்லை, மணம் இல்லை. ஷீலா இரண்டு மூன்று தடவை என்னிடம் சொல்லியிருந்தாள், வண்டியிலிருந்து இறங்கினால் ஆன்சனுக்குத் தலை ஆடுகிறது, சில நாள் சர்தி, அதாவது வாந்தி, வருகிறது என்று. வெயில் என்று நினைத்திருந்தோம். சஜி பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவ்வளவு நாளும் அவனை உறங்கவைத்தது வண்டியின் ஆட்டம் மட்டும் இல்லை. அந்த நாலு விரல் கண்ணாடியும், பாதி சுருட்டிய தார்ப்பாயும்தான் அவனை எழுப்பிவிட்டிருக்கின்றன.

நான் சஜியிடம் சொன்னேன், "ரெண்டையும் ஒண்ணா மாத்தினா எதனால மைலேஜ் கூடிச்சுன்னு தெரியாது. சென்சார் வரட்டும். சனிக்கிழமை கொண்டுவரேன்."

"சாரே, இது பரீட்சையில்ல" என்றார். பிறகு, "அதுவரைக்கும் கண்ணாடி தாழ்த்திப் போட்டு ஓட்டுங்க" என்றார்.

சரி என்றேன். முதல் வாக்குமூலத்தில், சஜி சொன்னது எனக்கு ஞாபகம் இல்லை என்று சொல்லியிருந்தேன். எனக்கு ஞாபகம் இருந்தது. திரும்பி வரும்போது நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டுத்தான் ஓட்டினேன்.

வீட்டில் ஷீலா கேட்டாள், "சரியாச்சா?"

"சரியாச்சு. ஆனா ஒண்ணு. கண்ணாடியத் தாழ்த்தி வச்சு ஏசி போட்டா குளுர்ச்சி வெளிய போகும், என்ஜின் ரெட்டிப்பா வேலை செய்யும். மைலேஜ் போறது அதுலதான். கண்ணாடிய முழுசா ஏத்திவிடு."

"அவன் கூப்பிட்டா கேக்காண்டாமா?"

"உறங்குகவன் எதுக்குக் கூப்பிடப்போறான்?"

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை ஆரம்பித்திருந்தது. சாரல் அடிக்கிறது, தார்ப்பாயையும் முழுசாக இறக்கிவிடு என்று சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து உறங்கினால் கழுத்து வலிக்கும், உள்ளே கட்டிலில் போய்ப் படு என்று சொன்னேன். அவள் போனில் அலாரம் வைத்துக்கொள்வாள். அலாரம் எதற்கு, ஒரு மணி நேரம் கழித்து நானே ஆபீஸிலிருந்து போனில் விளித்து எழுப்புகிறேன் என்று சொன்னேன். ஒவ்வொன்றும் ஒரு புருஷன் பெண்டாட்டியிடம் சொல்லக்கூடிய சாதாரணப் பேச்சு. அவள் என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "உங்களுக்கு என்மேல இவ்வளவு சிநேகம் உண்டும்ணு எனக்குத் தெரியாது" என்றாள்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். வெறுப்பா என்று கேட்டீர்கள். இல்லை. ஷீலாவுக்கு இப்போது நாற்பத்திரண்டு. ஆன்சனுக்கு நல்ல உடம்பு, எழுபது வயது வரை இருப்பான் என்று டாக்டரே சந்தோஷமாகச் சொன்னார். டாக்டர் அதைச் சொன்னபோது நான் ஷீலாவின் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தவரை இந்த விஷயத்தில் மாற்றிப் பார்க்காமல் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஷீலா வேலையை விட்டாள், மருந்தை மாற்றினோம், இல்லத்தில் வைத்துப் பார்த்தோம், தனி அறை கட்டிப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

அது புதன்கிழமை நடந்தது. நான் அவளை விளிக்க வேண்டிய நேரத்தில் விளிக்கவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் விளித்தேன். போன் கம்பெனியிலிருந்து அந்த விவரம் உங்களுக்கு வந்திருக்கும். மழைச் சத்தத்தில் அவள் அதுவரைக்கும் அசையாமல் உறங்கியிருக்கிறாள். போனை எடுத்தபோது அவள் குரல் தெளிவாக இருந்தது. "நல்லா உறங்கிட்டேன், கேட்டேளா" என்றாள். பிறகு ஆன்சனைப் பார்க்கப் போனாள். போனை அணைக்கவில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். விபத்து என்று எழுதி அடக்கம் பண்ணக் கொடுத்தீர்கள். பேப்பரில் செய்தி பார்த்துவிட்டு சஜி தானாகவே உங்களிடம் வந்து, இந்த ஆளிடம் நான் சொல்லியிருந்தேனே என்று சொன்னார். அவர் வராமல் இருந்திருந்தால் நான் இதை எழுதியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். எழுதியிருக்க மாட்டேன். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

ஷீலா இப்போது உறங்குவதே இல்லை. பகலெல்லாம் ஷெட்டில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். வண்டியை நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள், வெறும் சிமென்ட் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "நான்தான சாவி போட்டேன், நான்தான கண்ணாடிய ஏத்தினேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். சர்ச்சிலிருந்து வந்த பெண்கள் ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்கள். கஞ்சி கொடுத்தால் இரண்டு வாய் குடிக்கிறாள், பிறகு ஆன்சனுக்குக் கொடுத்தீர்களா என்று என்னிடம் கேட்கிறாள். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். மாத்திரை வேலை செய்யவில்லை. நான் எதற்காகச் செய்தேனோ, அது மட்டும் நடக்கவில்லை. இனி நடக்கும் என்று நம்பவும் இடமில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. இதில் எழுதியிருப்பதை ஷீலாவிடம் சொல்லாதீர்கள். கோர்ட்டில் என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், அவளிடம் வேறு ஏதாவது காரணம் சொல்லுங்கள். தான் செய்த தப்பு என்று நினைத்தால் அவள் எப்படியாவது தாங்கிக்கொள்வாள், அது அவளுக்குப் பழக்கம். நான் செய்தது என்று தெரிந்தால் தாங்க மாட்டாள். நன்றாக யோசித்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த மதியம் நான் ஆபீஸில் இருந்தேன் என்று சொல்லியிருந்தேன். அது சரியில்லை. வெள்ளாயணியில் கிணற்றுத் தண்ணீர் சாம்பிள் எடுக்கப் போயிருந்தேன். அங்கிருந்து வீடு பக்கம்தான். தோளில் சாம்பிள் பாட்டில் பையோடு வீட்டுக்கு வந்தேன். மனது மாறினால் நிறுத்திவிடலாம் என்று வந்ததாக வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தார்ப்பாய் தரைவரை இறங்கியிருந்தது. உள்ளே என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். ஆன்சன் உறங்கவில்லை. கண் பாதி திறந்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. "அத்தான்" என்று வாய் அசைந்தது, கண்ணாடி ஏற்றியிருந்ததால் சத்தம் கேட்கவில்லை. பக்கத்தில் டிரைவர் சீட்டில் யாராவது வந்து உட்கார்ந்தால் அவனுக்குப் பிடிக்கும். கையைத் தூக்கி அந்தச் சீட்டைக் காட்டினான். கை பாதியில் மடியில் விழுந்தது. மறுபடியும் தூக்கப் பார்த்தான். கார்க் கதவைத் திறக்க அவனுக்குத் தெரியாது, யாராவது திறந்துவிட வேண்டும். கதவு பூட்டியிருக்கவில்லை. கைப்பிடி எனக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

ஆபீஸுக்குப் புறப்படும்போது காட்டுவது போல நான் அவனுக்குக் கை காட்டினேன். பிறகு தார்ப்பாயை இழுத்து மூடி, காற்றில் பறக்காமல் இருக்க அடியில் ஒரு செங்கல்லை வைத்தேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஷீலா கட்டிலில் ஒருக்களித்து, ஒரு கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்து, கல்யாணமான புதிதில் உறங்கியது போல உறங்கிக்கொண்டிருந்தாள். எங்கள் முற்றத்தில் கேட் வரைக்கும் ஜல்லி போட்டிருக்கிறது. நடந்தால் சத்தம் கேட்கும். அவள் பாவம், எழுந்துவிடக் கூடாதே என்று, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மழையில் வெறுங்காலோடு நடந்து போனேன்.